வித்தைக் கரடிகளின் மறுவாழ்வு

கொச்சிக் காயலின் நடுவே உள்ள வெலிங்டன் தீவு மனித முயற்சியால் உருவான நிலமாகும். துறைமுகத்தை ஆழப்படுத்துவதற்காகக் காயலின் அடியிலிருந்து வாரியெடுத்த மண்ணைக் கொண்டு, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அது அமைக்கப்பட்டது. தீவுக்குக் கிழக்கே, நீர்ப்பரப்பிற்கு அப்பால், எர்ணாகுளம் நகரும் அங்கே கேரள உயர் நீதிமன்றமும் உள்ளன. வட இந்தியச் சாலைகளில் மூக்குக் கயிற்றுடன் ஆடிவந்த கரடிகளுக்கும் இந்தத் துறைமுக நகரத்திற்கும் தொடர்பு இருப்பதாக முதற்பார்வையில் தோன்றாது. ஆயினும், அக்கரடிகளின் வாழ்வை மாற்றிய சட்டப் போராட்டத்தின் முக்கியமான கட்டம் ஒன்று 2000-ஆம் ஆண்டில் இந்நகரத்தில்தான் நிகழ்ந்தது.

2002-ஆம் ஆண்டின் இறுதிக்கும் 2009-ஆம் ஆண்டின் இறுதிக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் நம் நாட்டில் 600-க்கும் மேற்பட்ட கரடிகள் தெரு வித்தையிலிருந்து விடுவிக்கப்பட்டுப் புகலிடங்களில் சேர்க்கப்பட்டன. பல நூற்றாண்டுகளாக நிலவிவந்த ஒரு வழக்கம் ஒரு தலைமுறைக்குள் முடிவுக்கு வந்தது. கரடியைக் காட்டிலிருந்து பிடிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1972-ஆம் ஆண்டிலேயே இருந்தது. அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் கரடிகள் தெருவில் ஆடிக்கொண்டுதான் இருந்தன. முப்பது ஆண்டுகளில் நிகழாதது ஏழு ஆண்டுகளில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வது, விலங்கு நலத்தில் மட்டுமன்றிச் சமூகச் சீர்திருத்தம் எதிலும் ஈடுபடுவோருக்குப் பயன் தருவதாகும்.

கரடியின் இயல்பு

வித்தைக்குப் பயன்படுத்தப்பட்டது பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளில் பரவலாகக் காணப்படும் கருங்கரடியே ஆகும். மெலூர்சஸ் அர்சினஸ் என்பது அதன் அறிவியற் பெயர். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் அது வாழ்கிறது. நீண்ட கறுத்த மயிரும், மார்பில் வெண்மையான வளைகோடும், வளைந்த நீண்ட நகங்களும் அதன் அடையாளங்கள். உலகக் கரடி இனங்களுள் கறையானையும் எறும்பையும் முதன்மை உணவாகக் கொண்டு வாழ்வது இது ஒன்றே. மேல்தாடையின் முன்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் இதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாக, உதடுகளைக் குழல்போல் குவித்துப் புற்றிலிருந்து கறையான்களை உறிஞ்சி உண்கிறது. அப்போது மண் புகாதவாறு மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் வல்லது. கனிகளும் தேனும் அதன் மற்ற உணவுகள்.

பெண் கரடி பொதுவாக இரண்டு குட்டிகளை ஈனும். குட்டிகள் தாயின் முதுகில் ஏறிப் பயணம் செய்யும். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாயுடன் இருந்து, புற்றை இனம் காண்பது, கனி பழுக்கும் காலத்தை அறிவது, புலியிடமிருந்து தப்புவது முதலியவற்றைக் கற்கும். இந்தக் கல்விக் காலத்தை இழந்த குட்டி வளர்ந்த பின்னரும் காட்டில் தனித்து வாழும் திறமையைப் பெறுவது அரிது. பின்னால் கூறப்படும் பலவற்றிற்கும் இச்செய்தியே அடிப்படையாகும்.

வித்தைக்குப் பழக்கிய முறை

சில வாரக் குட்டியாக இருக்கும்போதே கரடி பிடிக்கப்பட்டது. தாய் தன் குட்டியை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை ஆதலால், குட்டியைக் கவரும் முயற்சியில் தாய் கொல்லப்படுவது வழக்கமாக இருந்தது. ஆகவே தெருவில் ஆடிய ஒவ்வொரு கரடியின் பின்னாலும் காட்டில் மாண்ட ஒரு தாயும், பிழைக்காமற்போன குட்டிகளும் இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பிடிக்கப்பட்ட குட்டியின் மூக்குப் பகுதியில், மயக்க மருந்து ஏதுமின்றி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஊசியால் துளையிடப்பட்டது. அத்துளையில் கயிறு கோக்கப்பட்டது. கோரைப்பற்கள் உடைக்கப்பட்டன, நகங்கள் வெட்டப்பட்டன. கயிற்றைச் சுண்டும்போது எழும் வலியைத் தவிர்க்கவே கரடி பின்னங்கால்களில் நின்று மாறி மாறி அடியெடுத்து வைக்கிறது. பார்ப்போர் அதனை நடனம் என்று கருதினர். வளர வளரக் கயிறு சதையை அறுத்துக்கொண்டே இருந்தமையால், மூக்குப் புண் ஆறுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை.

ரொட்டியும் பாலும் போன்றவையே உணவாகக் கிடைத்ததால் சத்துக் குறைவும், உடைந்த பற்களின் வேர்களில் சீழும், கண்புரையும் பல கரடிகளிடம் காணப்பட்டன. மனிதரோடு நெருங்கி வாழ்ந்த கரடிகளைக் காசநோயும் பற்றியது. புகலிடத்தில் சேர்க்கப்பட்ட பின்னரும் பல கரடிகளின் இறப்புக்கு இந்நோய் காரணமாயிற்று.

விலங்கு நலத்தை அளந்தறிய இன்று உலகெங்கும் ஐந்து சுதந்திரங்கள் என்னும் அளவுகோல் பயன்படுகிறது. 1965-இல் பிரிட்டனில் வெளியான பிராம்பெல் குழுவின் அறிக்கையிலிருந்து இது வளர்ந்தது. பசி தாகமின்மை, வசதிக் குறைவின்மை, வலியும் நோயும் இன்மை, அச்சமின்மை, இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் வாய்ப்பு ஆகியவை அந்த ஐந்துமாம். வித்தைக் கரடிக்கு இவற்றுள் ஒன்றுகூடக் கிட்டவில்லை என்பது மேற்கூறியவற்றால் விளங்கும்.

சட்டத்தின் நீண்ட பயணம்

விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. எந்த விலங்கையும் குறிப்பிட்டு, அதனை வித்தைக்குப் பழக்குவதையும் காட்சிக்கு வைப்பதையும் தடை செய்யும் அதிகாரத்தை அதன் 22-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அளிக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்னும் சொல்லுக்குள் விலங்கை உயிருடன் பிடித்தலையும் அடக்கியது. இன்று கருங்கரடி அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்று, மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றுள்ளது.

சட்டம் இருந்தும் செயல் பிறக்காததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. சாலையில் ஒரு கரடியைப் பறிமுதல் செய்யும் வன அலுவலர் அதனை எங்கே கொண்டு செல்வார்? பல்லும் நகமும் இழந்த விலங்கைக் காட்டில் விடுவது அதனைச் சாகவிடுவதற்கு ஒப்பாகும். உயிர்க்காட்சிச்சாலைகளிலோ நூற்றுக்கணக்கான கரடிகளுக்கு இடமில்லை. கரடியை இழக்கும் குடும்பம் மறுநாள் உணவுக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கும் அலுவலரிடம் விடை இல்லை. எனவே அவர் கண்டும் காணாமற் செல்வதே இயல்பாயிற்று. நிறைவேற்றுவதற்கு வழிவகை செய்யப்படாத சட்டம் அதனை நிறைவேற்ற வேண்டியவரையே இக்கட்டில் நிறுத்திவிடுகிறது.

கொச்சியில் பிறந்த தீர்ப்பு

1991 மார்ச் மாதத்தில் மத்திய அரசு 22-ஆம் பிரிவின்கீழ் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்குவது அதன் மூலம் தடை செய்யப்பட்டது. சர்க்கஸ் நிறுவனங்களின் கூட்டமைப்பு இதனை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. அதனைத் தொடர்ந்து பொருள் மீண்டும் ஆராயப்பட்டு, 1998 அக்டோபர் 14 அன்று புதிய அறிவிக்கை வெளிவந்தது. இப்பட்டியலில் நாய் நீக்கப்பட்டுச் சிங்கம் சேர்க்கப்பட்டது. கரடி தொடர்ந்து இடம்பெற்றது.

இவ்வறிவிக்கையை எதிர்த்த வழக்கு கேரளத்தில் எழுந்தது வியப்புக்குரியதன்று. இந்திய சர்க்கஸ் கலையின் தாயகமாகக் கருதப்படுவது வட கேரளத்துத் தலச்சேரியாகும். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அங்கே தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து உருவானவர்கள் நாடெங்கும் சர்க்கஸ் குழுக்களை நடத்தினர். அத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் அம்மாநிலத்தில் ஏராளம். தொழில் செய்யும் அடிப்படை உரிமை பறிக்கப்படுகிறது என்பது உரிமையாளர்களின் வாதமாக இருந்தது.

2000 ஜூன் மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்துத் தடையை உறுதி செய்தது. அரசியலமைப்பின் 51-அ பிரிவு உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருப்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. விலங்குகளுக்கும் உரிமை உண்டா என்னும் கேள்வியையும் அத்தீர்ப்பு வெளிப்படையாக எழுப்பியது. விலங்குரிமை பற்றிப் பின்னர் எழுந்த வழக்குகளில் அது பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2001 மே 1 அன்று அறிவிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் இவ்வழக்கை என்.ஆர். நாயர் எதிர் இந்திய அரசு என்னும் பெயரால் அறிவர்.

வழக்காடியவர்கள் சர்க்கஸ் உரிமையாளர்கள். எனினும் தீர்ப்பின் பயன் தெருவில் ஆடிய கரடிக்கும் சேர்ந்தே கிடைத்தது. சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கம், புலி ஆகியவற்றிற்காக மத்திய உயிர்க்காட்சிச்சாலை ஆணையம் ஏழு இடங்களில் மீட்பு மையங்களை ஏற்படுத்தியது. சென்னையை அடுத்த வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேருகட்டா, போபால், ஜெய்ப்பூர், மேற்கு வங்கத்தின் தெற்கு கயர்பாரி ஆகியவை அவை. தெருக்கரடிகளுக்கோ தனியான ஏற்பாடு தேவைப்பட்டது.

சரணாலயம் என்னும் சொல்

இவ்விடத்தில் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நாம் சரணாலயம் என்னும் ஒரே சொல்லால் இருவேறு அமைப்புகளைக் குறிக்கிறோம். ஒன்று, வன உயிரினச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இயற்கையான வாழிடம். கர்நாடகத்தில் 1994-இல் அறிவிக்கப்பட்ட தரோஜி கரடிச் சரணாலயம் இதற்கு எடுத்துக்காட்டு. 80 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பாறைக் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் கரடிகள் தாமே இரை தேடிச் சுதந்திரமாக வாழ்கின்றன. மற்றொன்று, மனிதரிடமிருந்து மீட்ட விலங்குகளை ஆயுட்காலம் முழுவதும் பராமரிக்கும் புகலிடம். அங்கே உணவும் மருத்துவமும் பாதுகாப்பும் மனிதர் கையிலேயே உள்ளன.

முதலாவது காட்டுக் கரடிக்கு உரியது. இரண்டாவது காட்டை இழந்த கரடிக்கு உரியது. இவ்வேறுபாட்டை மறந்து, மீட்ட கரடியைக் காட்டில் விட்டுவிட வேண்டும் என்று கோருவோர் உண்டு. இரை தேடவும் தற்காத்துக்கொள்ளவும் இயலாத விலங்கு அங்கே பட்டினியால் வாடும். அல்லது மனிதரை நாடி ஊருக்குள் வந்து இரு தரப்புக்கும் தீங்கு விளையும். அதன் உடலிலுள்ள நோய் காட்டு விலங்குகளுக்குப் பரவும் அபாயமும் உண்டு. ஆகவே புகலிடமே அதற்கு இயன்ற நல்வாழ்வாகும்.

புகலிடத்தில் நடப்பவை

1995-இல் தொடங்கப்பட்ட வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் தன்னார்வ நிறுவனம், உத்தரப் பிரதேச வனத்துறையுடன் இணைந்து, ஆக்ராவுக்கு அருகே சூர் சரோவர் பறவைகள் சரணாலயப் பகுதியில் கரடிகள் மீட்பு மையத்தை 1999-இல் நிறுவியது. முதல் கரடிகள் அங்கே 2002 டிசம்பரில் வந்து சேர்ந்தன. அதனைத் தொடர்ந்து கர்நாடகத்தின் பன்னேருகட்டாவிலும், போபாலின் வன விஹாரிலும், மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் மையங்கள் அமைந்தன. ஒவ்வொன்றும் மாநில வனத்துறையின் ஒத்துழைப்புடன் அமைந்ததாகும். வெளிநாட்டு விலங்கு நல அமைப்புகளும் பொருளுதவி செய்தன.

மையத்திற்கு வரும் கரடி உடனே மற்றக் கரடிகளுடன் சேர்க்கப்படுவதில்லை. முதலில் அது தனி இடத்தில் வைக்கப்பட்டு, நோய்களுக்காகச் சோதிக்கப்படுகிறது. மயக்க மருந்து கொடுத்து மூக்குக் கயிறு அறுத்தெடுக்கப்படுகிறது, புண்ணுக்கு மருந்திடப்படுகிறது. சீழ் பிடித்த பல் வேர்கள் அகற்றப்படுகின்றன. நோயில்லை என்று உறுதியான பின்னர், சிறுகச் சிறுக மற்றக் கரடிகளுடன் பழகவிடப்படுகிறது. குட்டிப் பருவத்திற்குப் பின் தன் இனத்தையே காணாத கரடிகள் ஒன்றையொன்று கண்டு அஞ்சுவதும் உண்டாதலால் இதில் பொறுமை தேவை.

உடற்புண் ஆறுவதைவிட மனப்புண் ஆறுவது கடினம். கயிற்றிலிருந்து விடுபட்ட பின்னரும் பல கரடிகள் ஓரிடத்தில் நின்று தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நீண்ட காலச் சிறைவாழ்வு விலங்கினிடம் ஏற்படுத்தும் பழக்கம் அது. இதற்கு மருந்து, விலங்குக்கு வேலை கொடுப்பதேயாகும். திறந்தவெளி அடைப்பில் மரங்களும், ஏறிப் படுக்கும் மேடைகளும், தோண்டுவதற்கு மண்ணும், கோடையில் அமிழ்ந்திருக்க நீர்த்தொட்டியும் அமைக்கப்படுகின்றன. துளையிட்ட மரக்கட்டைகளிலும் தொங்கும் பந்துகளிலும் தேனும் பழமும் ஒளித்துவைக்கப்படுகின்றன. கரடி தன் மூக்கையும் நகத்தையும் பயன்படுத்தி உணவைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. புற்றைத் தோண்டும் இயல்பு இவ்வாறு மீட்டெடுக்கப்படுகிறது. பல்லில்லாத கரடிகளுக்காகத் தானியக் கஞ்சி காய்ச்சித் தரப்படுகிறது. தர்ப்பூசணி முதலிய பழங்களும் வழங்கப்படுகின்றன.

எனவே இடமாற்றம் என்பது ஒரு கூண்டிலிருந்து மற்றொரு கூண்டுக்குக் கொண்டுசெல்வதன்று. இக்கருத்து உயிர்க்காட்சிச்சாலைகளுக்கும் பொருந்தும். கொச்சிக்கு அண்மையிலுள்ள திருச்சூரில் 1885-இல் தோன்றிய பழைய உயிர்க்காட்சிச்சாலை நகரின் நடுவே சில ஏக்கர் பரப்பில் நெருக்கமாக இயங்கிவந்தது. அதன் விலங்குகளை 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புள்ள புத்தூருக்கு மாற்றும் பணி 2023-இல் தொடங்கியது. விலங்கின் தேவையை ஒட்டி இடத்தை அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று வருவதற்கு இது சான்றாகும்.

கலந்தர் குடும்பங்களின் பிழைப்பு

கரடி வித்தையைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் கலந்தர் சமூகத்தினர். ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த ஏழை முஸ்லிம் குடும்பங்கள் அவை. மொகலாயர் காலத்தில் அரசவையில் வித்தை காட்டியவர்களின் வழிவந்தோர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. நிலையான இருப்பிடமின்மையால் கல்வி, மருத்துவம், அரசின் நலத்திட்டங்கள் எவையும் அவர்களை எளிதில் எட்டவில்லை. கரடி அவர்களுக்கு உழவனின் ஏர்மாடு போன்றது. அதனைப் பறிமுதல் செய்து உடையவரைச் சிறையில் அடைத்தால், அவர் விடுதலையான மறுநாளே மற்றொரு குட்டியை வாங்கக் கடன் தேடுவார். அக்குட்டிக்காகக் காட்டில் இன்னொரு தாய் கொல்லப்படும்.

இதனை உணர்ந்தே கரடியை ஒப்படைக்கும் குடும்பத்திற்கு மாற்றுத் தொழில் தொடங்க முதலுதவி அளிக்கும் முறை வகுக்கப்பட்டது. மீண்டும் கரடி பிடிப்பதில்லை என்று அக்குடும்பத் தலைவரிடம் எழுத்துமூலம் உறுதி பெறப்பட்டது. ரிக்‌ஷா ஓட்டுதல், சிறு கடை வைத்தல் முதலிய தொழில்களில் பலர் ஈடுபட்டனர். பெண்களுக்குத் தையல், பூவேலை முதலியவற்றில் பயிற்சி தரப்பட்டது. சிறுவர் சிறுமியர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். புகலிடங்களிலேயே கரடிகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த கலந்தர்களும் உண்டு. இந்திய வன உயிரின அறக்கட்டளையும் சில மாநிலங்களில் இத்தகைய மாற்றுத் தொழில் திட்டங்களை நடத்தியது.

குடும்பத்தின் வருவாயில் பெண்ணுக்கும் பங்கு ஏற்பட்டதும், பிள்ளை எழுதப் படிக்கக் கற்றதும் இத்திட்டத்தின் நிலையான பயன்களாகும். தந்தை கரடியை விட்டுக்கொடுத்தது அரசின் வற்புறுத்தலால் ஆகலாம். மகன் கரடியைத் தேடிப் போகாதிருப்பது அவனுக்கு வேறு தொழில் தெரிந்திருப்பதால்தான். 2009 டிசம்பரில் கர்நாடகத்தில் ராஜு என்னும் கரடி பன்னேருகட்டா மையத்திடம் ஒப்படைக்கப்பட்டதுடன் நாட்டின் தெருக்கரடி வித்தை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன்பின்னும் எல்லைப்புறங்களில் ஆங்காங்கே ஓரிரு கரடிகள் மீட்கப்பட்டாலும், தொழில் என்ற அளவில் அது மறைந்துவிட்டது.

அயல்நாட்டு அனுபவம்

சட்டம், புகலிடம், பிழைப்பு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதை அண்டை நாடுகளின் வரலாறு காட்டுகிறது. நேபாளத்தில் எஞ்சியிருந்த ரங்கீலா, ஸ்ரீதேவி என்னும் இரு வித்தைக் கரடிகள் 2017 டிசம்பரில் மீட்கப்பட்டன. அவற்றிற்கென அங்கே தனிப் புகலிடம் இல்லாமையால் காட்மாண்டு உயிர்க்காட்சிச்சாலையில் வைக்கப்பட்டன. அங்கேயே ஸ்ரீதேவி இறந்தது. பலரும் முயன்றதன் பயனாக 2018-இல் ரங்கீலா மட்டும் ஆக்ரா மையத்திற்குக் கொண்டுவரப்பட்டது. மீட்கும் நாளன்றே சேர்க்கும் இடமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வியட்நாமில் கரடியின் பித்தநீரை எடுத்து மருந்தாக விற்பதற்காகக் கரடிகள் சிறு கூண்டுகளில் வளர்க்கப்பட்டன. 2005-இல் பித்தநீர் எடுப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் கரடிகள் உடையவர்களிடமே விடப்பட்டன. கூண்டுகள் அப்படியே இருந்தமையால் மறைவாகப் பித்தநீர் எடுப்பது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. எஞ்சிய கரடிகளையும் புகலிடங்களுக்கு மாற்றுவதென 2017-இல் அந்நாட்டு அரசு ஒரு விலங்கு நல அமைப்புடன் உடன்பாடு செய்துகொண்டது.

பல்கேரியாவிலோ 2000-இல் பெலிட்சா என்னும் இடத்தில் முதலில் புகலிடம் திறக்கப்பட்டது. கரடியாட்டிப் பிழைத்த ரோமா குடும்பங்களுக்கு உதவி அளிக்கப்பட்டது. 2007-க்குள் அந்நாட்டில் ஆடும் கரடியே இல்லை என்ற நிலை ஏற்பட்டது. நம் அனுபவத்தை ஒத்ததே அதுவும்.

துறைமுகத்தின் கடமை

கரடிக்குத் தெருவில் இருந்த ஆபத்து நீங்கினாலும் வாணிபத்தால் நேரும் ஆபத்து நீங்கவில்லை. கிழக்காசிய மருத்துவ மரபுகளில் கரடியின் பித்தப்பைக்கு மதிப்பு உண்டு. அதிலுள்ள மருந்துப் பொருள் இன்று செயற்கையாகவே தயாரிக்கப்படுகிறது. ஆயினும் கள்ளச் சந்தையில் பித்தப்பைக்கான தேவை மறையவில்லை. அழியும் நிலையிலுள்ள காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வாணிபம் பற்றிய உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடாக உள்ளது. கருங்கரடி அதன் முதல் பட்டியலில் இருப்பதால், அதனையோ அதன் உறுப்புகளையோ வாணிப நோக்கில் நாடு கடத்துவது தடை செய்யப்பட்டுள்ளது.

இவ்வுடன்படிக்கை நடைமுறையில் உயிர்பெறுவது துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும்தான். கொச்சியின் சுங்க இல்லம் அமைந்திருப்பது வெலிங்டன் தீவில். இங்கும் நாட்டின் பிற துறைமுகங்களிலும் பணியாற்றும் அலுவலர், உலர்ந்த பித்தப்பை எவ்வாறு தோன்றும், நகமும் தோலும் எவ்வாறு மறைத்து அனுப்பப்படும் என்பவற்றை அறிந்திருத்தல் வேண்டும். வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகம் இத்தகைய பயிற்சிகளை அளித்துவருகிறது. காட்டில் வன அலுவலர் காக்கும் கரடியைத் துறைமுகத்தில் சுங்க அலுவலரும் காக்கிறார்.

எஞ்சியுள்ள பணிகள்

பராமரிப்பில் உள்ள கரடி முப்பது ஆண்டுகள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் வாழக்கூடும். ஆகவே புகலிடத்தின் செலவு ஒரே ஆண்டில் முடிவதன்று. இன்று மையங்களில் எஞ்சியுள்ள வித்தைக் கரடிகள் பெரும்பாலும் முதியவை. மூட்டு நோய், கண்பார்வைக் குறைவு, ஈரல் நோய் முதலியவற்றால் துன்புறும் அவற்றிற்கு மருத்துவச் செலவு ஆண்டுதோறும் கூடுகிறது. மீட்பின்போது திரளும் மக்கள் ஆர்வமும் நன்கொடையும் முதுமைப் பராமரிப்பின்போது குறைந்துவிடுவது இயல்பு. எனவே புகலிடம் அமைக்கும்போதே கடைசி விலங்கின் கடைசி நாள்வரைக்கும் நிதி ஒதுக்கிவைப்பது இன்றியமையாததாகும்.

புகலிடத்தில் இனப்பெருக்கம் செய்யாதிருப்பதும் அடிப்படை விதியாகும். சிறையிற் பிறக்கும் குட்டிக்குக் காடு இல்லை; அது மற்றொரு விலங்குக்குரிய இடத்தையே எடுத்துக்கொள்ளும். கரடிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து, ஒருநாள் அடைப்புகள் வெறுமையாவதே இத்தகைய மையத்தின் வெற்றியாகும். பெரும்பாலான நிறுவனங்கள் வளர்ச்சியைக் கொண்டு தம் வெற்றியை அளக்கின்றன. இந்நிறுவனமோ தேய்வைக் கொண்டு அளக்க வேண்டும்.

புதிதாகக் கரடிகள் வந்துசேரும் வழிகளையும் கவனிக்க வேண்டும். காடுகள் துண்டாடப்படுவதால் கரடிகள் ஊரை நெருங்குகின்றன. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களையும் குடியிருப்புகளையும் ஒட்டிக் கரடிகள் நடமாடுவது இன்று வழக்கமான செய்தியாகிவிட்டது. காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் கண்ணிகளில் கரடி சிக்கிக் காலை இழப்பதும், தாயை இழந்த குட்டிகள் வன அலுவலரிடம் வந்துசேர்வதும் நாட்டின் பல பகுதிகளில் நிகழ்கின்றன. உணவுக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டாதிருத்தல், கண்ணிகளை அகற்றுதல், விடியற்காலையிலும் அந்தியிலும் காட்டோரப் பாதைகளில் தனியே செல்லாதிருத்தல் முதலியவை எளிய தடுப்பு முறைகள். ஒரு கரடியைக் காட்டிலேயே காப்பதற்கு ஆகும் செலவு, அதனைப் புகலிடத்தில் முப்பது ஆண்டுகள் பேணுவதற்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவாகும்.

முடிவாக

வித்தைக் கரடிகளின் வரலாறு அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் கூறும் செய்தி தெளிவானது. 1972-இன் சட்டம் தனித்து நின்றபோது கரடிக்கு விடுதலை கிடைக்கவில்லை. 1998-இன் அறிவிக்கையும் 2000-இலும் 2001-இலும் பிறந்த தீர்ப்புகளும் வலுவூட்டிய பின்னரும், ஆக்ராவில் அடைப்புகள் ஆயத்தமான பிறகே முதல் கயிறு அறுக்கப்பட்டது. கலந்தர் குடும்பம் வேறு தொழிலில் காலூன்றியதால்தான் அறுத்த கயிறு மீண்டும் திரிக்கப்படவில்லை.

யானை, குரங்கு, கிளி என மனிதர் பிடியில் வாழும் உயிரினங்கள் இன்னும் பல உள்ளன. அவற்றைச் சார்ந்து பிழைக்கும் குடும்பங்களும் உள்ளன. அவற்றிற்காக வகுக்கப்படும் ஒவ்வொரு திட்டமும், விலங்கு எங்கே போகும், உடையவர் எப்படி வாழ்வார் என்னும் இரு கேள்விகளுக்கும் தடை நடைமுறைக்கு வருமுன்பே விடை கண்டிருக்க வேண்டும். தீர்ப்பை எழுதுவது நீதிமன்றத்தின் பணி. அதற்கு நிலமும் நிதியும் ஆளும் தந்து உயிரூட்டுவது நிர்வாகத்தின் பணி. அவ்வாறு செய்ய இயலும் என்பதற்கு, கயிறின்றித் தேன் தேடி மரக்கட்டைகளைத் துழாவும் அந்த முதிய கரடிகளே சாட்சியாக உள்ளன.